மலையகத் தோட்டங்களும் மருத்துவப் பதிவேடும்

நோயைத் தீர்க்கப் புகும் மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தின் அளவையும் ஆராய்ந்தே செயற்படல் வேண்டும் என்பது, மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியாகும். இம்மூன்றனுள் முதலிரண்டையும் மருத்துவன் தன் கண்ணாலும் கையாலும் கருவியாலும் ஓரளவு அறிந்துகொள்ளலாம். மூன்றாவதை அவ்வாறு அறிதல் அரிது. இன்று காணும் காய்ச்சல் எத்தனையாம் நாளது, சென்ற மாதம் இரத்த அழுத்தம் எவ்வளவாயிருந்தது, முன்னர் எம்மருந்து கொடுக்கப்பட்டது, அது நோயாளிக்கு ஒத்துக்கொண்டதா என்பன உடலைத் தொட்டுப் பார்த்து அறியத்தக்கன அல்ல. யாரேனும் எழுதி வைத்தாலன்றி அவை மறைந்துபோவன. மருத்துவப் பதிவேடு என்பது, நோய் கடந்துவந்த காலத்தை மருத்துவன் கண்முன் நிறுத்தும் கருவியாகும்.

அப்பதிவேடு இன்று தாளிலிருந்து கணினிக்கு மாறிவருகின்றது. உலகின் பல நாடுகளிற்போல இலங்கையிலும் இலத்திரனியல் மருத்துவப் பதிவேடுகள் வைத்தியசாலைகளுட் புகுந்துள்ளன. இம்மாற்றத்தினால் நோயாளி பெறும் பராமரிப்பு உண்மையில் உயர்கின்றதா என்னும் வினா எங்கும் எழுவதே. ஆயின், அற்றன், நுவரெலியா முதலிய மலையகத் தோட்டப் பகுதிகளில் அவ்வினாவோடு மற்றொன்றும் சேர்ந்துகொள்கின்றது. எழுதப்படும் பதிவு யாருக்காக எழுதப்படுகின்றது என்பதே அது. தோட்ட மக்களின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வினாவின் அருமை எளிதிற் புலனாகும்.

தோட்டத்தில் எழுத்தின் வரலாறு

மலையகத் தோட்டத் தொழிலாளர் எழுத்திற் பதியப்படாத மக்களாக ஒருபோதும் இருந்ததில்லை. அவர்கள் வாழ்க்கை முழுவதும் பிறர் எழுதிய ஏடுகளுக்குள்ளேயே நடைபெற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்குத் தோட்டத்தைக் குறிக்கும் இலக்கம் பொறித்த தகர வில்லைகள் வழங்கப்பட்டன. எத்தோட்டத்துக்கு உரிய ஆள் இவர் என்பதை வழியிலுள்ளோர்க்கு அவ்வில்லை அறிவித்தது. தோட்டம் விட்டுத் தோட்டம் செல்ல விரும்பியவர், தம் கடன் இவ்வளவு என்று எழுதப்பட்ட 'துண்டு' ஒன்றைப் பெற்றாலன்றிச் செல்ல முடியாதிருந்தது. அத்துண்டு முறை 1921 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

நாட்கூலிக்குரிய ஏடு செக்ரோல் எனப்படும். விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆட்கள் எண்ணப்படுவதும், மாலையிற் கொழுந்து நிறுக்கப்படுவதும் அவ்வேட்டின் பொருட்டே. தோட்டத்து வழக்கிற் 'பெயர்' என்பது ஒரு நாட்கூலிக்கு உரிய பதிவையே குறிக்கும். முழுப்பெயர், அரைப்பெயர் என்று தொழிலாளர் பேசிக்கொள்வது இக்கருத்திலேயாம். ஒருத்தி பறித்த கொழுந்தின் நிறை நாள்தோறும் தவறாது எழுதப்பட்டது. இக்காலத்திற் சில தோட்டங்களில் அந்நிறையை இலத்திரனியல் தராசே பதிந்துகொள்கின்றது. அதே பெண்ணின் இரத்த அழுத்தமோ, குருதியிலுள்ள ஈமோகுளோபினின் அளவோ இத்துணைக் கவனத்துடன் தொடர்ந்து எழுதப்பட்டதெனக் கூறுதற்கில்லை.

மருத்துவத்திலும் முதலிற் பதிவு எழுந்தது நிருவாகத்தின் தேவைக்காகவே. கோப்பிக் காலத்தில், 1872 ஆம் ஆண்டிலேயே, தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழிவந்த 1912 ஆம் ஆண்டுச் சட்டம் பின்னைய அமைப்புக்கு அடிப்படையாயிற்று. நோயுற்றோரைக் கவனிப்பதும், வேண்டுமிடத்து வைத்தியசாலைக்கு அனுப்புவதும், பிறப்பு இறப்புகளை அறிவிப்பதும் தோட்டத்துரையின் கடமைகளாயின. 1916 ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் நிறுவனம் கொக்கிப்புழு நோய்க்கு எதிரான இயக்கத்தை இலங்கைத் தோட்டங்களிற் றொடங்கியபோது, தொழிலாளர் தோட்டந்தோட்டமாகப் பரிசோதிக்கப்பட்டு மருந்தூட்டப்பட்டனர். முறையாக எண்ணிப் பதியும் பழக்கம் சுகாதாரத் துறையில் அதனால் வளர்ந்தது. எனினும், அப்பதிவுகள் தொழிலாளரின் கைக்கு வந்தனவல்ல. உழைப்பாற்றல் குன்றாமற் காப்பதே அவற்றின் முதல் நோக்கமாயிருந்தது.

பதிவின்மையால் விளைந்த தீங்கோ இன்னும் பெரிது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. காட்டுதற்குச் சான்றேடு இல்லாமை, பல்லாயிரக்கணக்கானோர் நாடற்றோர் ஆனமைக்கு ஒரு காரணமாயிற்று. இவ்வினைக்கு முழுமையான தீர்வு காண 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் நாடு காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, ஏடு ஒன்று மனிதனைக் கட்டவும் வல்லது, காக்கவும் வல்லது என்பதை மலையக மக்கள் பட்டறிந்துள்ளனர். மருத்துவமனைக்குட் கணினி வரும் இக்காலத்தில் அப்பட்டறிவை மறத்தல் ஆகாது.

நோயாளி செல்லும் வழி

தோட்டத்தில் வாழும் நோயாளி ஒருவர் இன்று எவ்வெவ் வாயில்களைக் கடந்து சிகிச்சை பெறுகின்றார் என்பதை நோக்கினால், பதிவேட்டின் பயன் விளங்கும். நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. தலைசுற்றினால் முதலிற் செல்வது தோட்ட மருத்துவ உதவியாளரிடம். மாதந்தோறும் மருந்து பெறுவது டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் கிளினிக்கில். இந்திய அரசின் உதவியுடன் 150 கட்டில்களோடு அமைக்கப்பட்ட அதன் புதிய கட்டிடத் தொகுதி 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்தியப் பிரதமரால் திறந்துவைக்கப்பட்டது. நோய் முற்றினால் நாவலப்பிட்டிக்கோ, நுவரெலியாவுக்கோ, கண்டிக்கோ அனுப்பப்படுவார். கொழும்பில் வேலை செய்யும் மகன் வீட்டிற் சில மாதம் தங்கினால், அங்குள்ள வேறொரு வைத்தியரைக் காண்பார்.

இவ்விடங்கள் ஒவ்வொன்றிலும் அவரைப் பற்றி ஏதோ ஒன்று எழுதப்படுகின்றது. தோட்டத்து மருந்தகத்தில் அதற்குரிய பதிவுப் புத்தகம் உண்டு. கிளினிக்கிற் பள்ளிக் கொப்பி போன்ற ஒரு கொப்பி. வார்ட்டில் அனுமதித்தாற் கட்டிற்றலைச் சீட்டு. வீடு திரும்பும்போது நோய்விவர அட்டை. வைத்தியசாலையை விட்டு நீங்குவதைத் 'துண்டு வெட்டுதல்' என்றே ஈழத்துத் தமிழர் கூறுவர். துண்டு வெட்டியபின் வார்ட்டில் எழுதப்பட்டவை அவ்வைத்தியசாலையின் பதிவறைக்குச் சென்றுவிடும். நோயாளியின் கையில் எஞ்சுவது சிறு அட்டை ஒன்றே.

மழைக்காலத்தில் லயத்தின் தகரக் கூரை ஒழுகி அவ்வட்டை நனைந்துபோகலாம். பெனிசிலின் ஒவ்வாது என்று எங்கோ எழுதப்பட்ட பழந்துண்டு அடுப்பங்கரையிற் காணாமற் போகலாம். இரவில் மயங்கி வீழ்ந்தவரை அயலவர் வாகனத்தில் ஏற்றி விரைகையிற் கிளினிக் கொப்பியை எடுக்க மறக்கலாம். அப்பொழுது கண்டியிலுள்ள மருத்துவர், பல ஆண்டுகள் மருந்துண்ட ஒருவரை அன்றே பிறந்தவர்போலக் காண நேர்கின்றது. செய்த சோதனைகள் மீளவும் செய்யப்படுகின்றன. சிறுநீரகம் சிறிது சிறிதாகத் தளர்ந்து வந்ததா, திடீரெனப் பழுதுற்றதா என்பதை அவர் அறிய வழியில்லை. கிளினிக்குக்குச் சென்ற நாளிற் செக்ரோலிற் 'பெயர்' விழாது என்பதும் நினைக்கத்தக்கது. மறுமுறை வருக என்று எளிதாகக் கூறும் சொல்லுக்கு அப்பெண் கொடுக்கும் விலை ஒரு நாட்கூலியாகும்.

இக்குறை, தோட்டச் சுகாதாரத்தின் அமைப்பிலேயே வேரூன்றியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் முகாமை தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர்த் தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஆயினும், தோட்டத்து மருந்தகங்கள் பல கம்பனிகளின் பொறுப்பிலேயே இருந்துவந்தன. இவ்வாறு ஒரே நோயாளியின் பராமரிப்பு இரு நிருவாகங்களுக்கிடையே பகுக்கப்பட்டமையால், அவரைப் பற்றிய எழுத்தும் இரண்டாகப் பிளந்து நிற்கின்றது.

கருவியின் குணமும் குற்றமும்

மருத்துவப் பராமரிப்பின் தரத்தை அளப்பதற்கு அமெரிக்க அறிஞர் அவிடிஸ் டொனபீடியன் 1966 இல் மூன்று படிகளை வகுத்துக் காட்டினார். கட்டிடம், கருவி, ஆளணி முதலிய அமைப்பு ஒன்று. செய்யப்படும் சிகிச்சை முறை ஒன்று. நோயாளி அடையும் பயன் ஒன்று. கணினியை வாங்கி வைத்தல் முதற்படியைச் சார்ந்தது மட்டுமே. அது சிகிச்சை முறையைத் திருத்தி, அதன் வழியாக நோயாளிக்குப் பயன் தந்தாலன்றித் தரம் உயர்ந்ததெனக் கொள்ளல் இயலாது.

இரண்டாம் படியிற் கணினி தரும் நன்மைகள் ஐயத்துக்கு இடமற்றவை. கையெழுத்து விளங்காமையால் ஏற்படும் பிழைகள் நீங்குகின்றன. ஒவ்வாத மருந்தை எழுதப் புகுந்தால் அது எச்சரிக்கை செய்கின்றது. பத்தாண்டுப் பரிசோதனை முடிவுகளை ஒரு கோட்டுப் படமாகக் காட்டுகின்றது. கிளினிக்குக்கு வரத் தவறியவர் பட்டியலைத் தானே தருகின்றது. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலுள்ள பிரிகம் மகளிர் வைத்தியசாலையில், மருந்துக் கட்டளைகளைக் கணினியில் எழுதத் தொடங்கியபின் மருந்து சார்ந்த கடும் பிழைகள் பாதிக்கு மேற் குறைந்தன என்று 1998 ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. மறு ஆண்டில், மருத்துவப் பிழைகளால் அமெரிக்க வைத்தியசாலைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 வரையான உயிர்கள் இழக்கப்படலாம் என அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிக்கை மதிப்பிட்டது. அதன்பின் இலத்திரனியல் பதிவேடுகளுக்கு உலகெங்கும் ஆதரவு பெருகலாயிற்று.

ஆயினும், 2005 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு அறிஞரைத் திடுக்கிடச் செய்தது. பிற்ஸ்பேக் நகரிலுள்ள சிறுவர் வைத்தியசாலையிற் கணினிவழிக் கட்டளை முறை புகுத்தப்பட்டபின், வேறிடங்களிலிருந்து மாற்றிக் கொண்டுவரப்பட்ட சிறுவரிடையே இறப்பு நூற்றுக்கு 2.80 இலிருந்து 6.57 ஆக உயர்ந்தமை கண்டறியப்பட்டது. முன்னர், ஆபத்தான நிலையிலுள்ள பிள்ளை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மருத்துவர் மருந்துக்குக் கட்டளையிடுவர். புதிய முறையிலோ, பிள்ளை வந்து சேர்ந்து, அதன் பெயர் கணினியிற் பதியப்பட்ட பின்னரே கட்டளையிட இயன்றது. உயிர் காக்கும் நிமிடங்கள் பதிவுமேசையில் வீணாயின. சியாற்றில் நகரச் சிறுவர் வைத்தியசாலை அதே கணினி முறையை வேண்டிய ஆயத்தங்களுடன் புகுத்திற்று. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு உயரவில்லை என்பதை 2006 ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது.

இவ்விரு நகரங்களின் அனுபவம் மலையகத்துக்கு நெருக்கமானது. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ வளைந்து செல்லும் மலைப்பாதையில், மூடுபனிக்கிடையே கொண்டுவரப்படும் நோயாளி, பிற்ஸ்பேக்குக்கு மாற்றப்பட்ட பிள்ளையின் நிலையிலேயே உள்ளார். அவர் வந்து சேருமுன் அவரைப் பற்றிய செய்தி வந்து சேருமாயின் கணினி உயிர் காக்கும். வந்தபின் அடையாள அட்டை கேட்டு வரிசையில் நிறுத்துமாயின் அக்கணினியே இடையூறாகும். கருவி ஒன்றே, அதைச் சூழ அமைக்கப்படும் ஒழுங்கே நன்மையையும் தீமையையும் விளைப்பது.

மற்றொரு குறையும் உண்டு. அமெரிக்க மருத்துவர், நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தைக் கணினியிலும் மேசை வேலையிலும் செலவிடுகின்றனர் என 2016 ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறிற்று. காலையிற் பெருங்கூட்டம் வந்து நிற்கும் வெளிநோயாளர் பிரிவில், மருத்துவரின் கண் நோயாளியின் முகத்தை விட்டுத் திரையிலேயே பதியுமாயின் இழப்பு சிறிதன்று. அதிலும், மருத்துவரின் மொழியும் நோயாளியின் மொழியும் வேறாகுமிடத்து முகக்குறிப்பும் கைச்சாடையுமே பாதி உரையாடலாகும் என்பதை மறத்தல் கூடாது.

இலங்கையின் முயற்சிகள்

இலங்கை இத்துறையிற் பின்தங்கிய நாடு எனக் கூறுதற்கில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மருத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் மருத்துவத் தகவலியலில் முதுமாணிக் கற்கையை நடத்தி, மருத்துவர்களையே இத்துறையிற் பயிற்றிவருகின்றது. கம்பஹா மாவட்டத்தின் தொம்பே வைத்தியசாலை, 2010களின் முற்பகுதியில் இலத்திரனியற் பதிவை மேற்கொண்டு பிறவற்றுக்கு முன்னோடியாயிற்று. விலையின்றிப் பெறத்தக்க திறந்த மூல மென்பொருள்கள் அரசாங்க வைத்தியசாலைகள் சிலவற்றிற் பயன்படுகின்றன. 2020 ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கொவிட் நோய் பரவியபோது, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் மென்பொருளை அந்நோயைக் கண்காணிக்க முதன்முதலிற் பயன்படுத்திய நாடு இலங்கையே. பிற நாடுகள் பல அதனைப் பின்பற்றின.

எனினும், பதிவுகள் இரு வகையின என்பதை ஈண்டு வேறுபடுத்திக் காணல் வேண்டும். எத்தனை பேர் அனுமதிக்கப்பட்டனர், எத்தனை குழந்தைகள் நிறை குறைந்து பிறந்தன என்று எண்ணி மேலிடத்துக்கு அனுப்புவது கணக்குப் பதிவு. இந்நோயாளிக்குச் சென்ற முறை யாது செய்யப்பட்டது, இனி யாது செய்தல் வேண்டும் என அடுத்த மருத்துவருக்குக் கூறுவது பராமரிப்புப் பதிவு. வார்ட்டு நோயாளரின் நோய்களை வகைப்படுத்தி மருத்துவப் புள்ளிவிவரப் பிரிவுக்கு அனுப்பும் முறையும், தாய் சேய் நலத் தரவுகளைக் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அனுப்பும் முறையும் இலத்திரனியல் வடிவம் பெற்றுள்ளன. இவை முதல் வகையின.

கணக்குப் பதிவு பயனற்றதன்று. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டத்துறையிலோ ஏறத்தாழ 32 பேர். தோட்டத்துறையைத் தனியே எண்ணாதிருந்தால் இவ்வேறுபாடு நாட்டின் சராசரிக்குள் மறைந்துபோயிருக்கும். ஆயின், குன்றிய பிள்ளைகள் இத்தனை பேர் என அறிந்துகொள்வதனால் மட்டும் ஒரு பிள்ளையும் வளர்ந்துவிடாது. அப்பிள்ளை யார், எந்த லயத்தில் வாழ்கின்றது, யார் சென்று பார்த்தார் என்பதைக் கூறும் இரண்டாம் வகைப் பதிவே வீட்டுவாயிலுக்குச் செல்வது.

அவ்வகைக்கு இலங்கையில் ஏற்கெனவே சிறந்த மாதிரி ஒன்று உண்டு. கர்ப்பிணித் தாயின் அட்டையும், பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுமே அவை. இவை தாயின் கையிலேயே இருப்பன. குடும்ப நல உத்தியோகத்தரிடமும் அதற்கிணையான பதிவு இருக்கும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் பெண், அக்கரப்பத்தனையிலிருந்து கொட்டகலைக்குச் சென்றாலும் அட்டையும் உடன் செல்கின்றது. அங்குள்ள மருத்துவிச்சி அதைப் பிரித்தவுடன் இரத்தச்சோகை உண்டா, இரத்த அழுத்தம் ஏறியதா என அறிகின்றார். பல்லாண்டுகளாக இவ்வமைப்பு நிலைத்து நிற்பதற்குக் காரணம், பதிவு நிறுவனத்தைத் தொடராது ஆளைத் தொடர்வதே. தாளிற் பெற்ற இவ்வெற்றியின் உட்பொருளைக் கணினியும் கைக்கொள்ளல் வேண்டும்.

வேண்டுவன யாவை

இக்கருத்தைத் தோட்டப் பகுதிகளில் நிறைவேற்ற முதலில் வேண்டுவது சரியான பெயர். தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது ஒவ்வொரு எழுதுநரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். தந்தையின் பெயர் முதலெழுத்தாக வருவது திருமணத்தின்பின் கணவன் பெயராக மாறுதலும் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரே வயதினரான மூன்று இலட்சுமிகள் இருத்தல் வியப்பன்று. முகவரி கொண்டு வேறுபடுத்தலாமெனின், லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரியின்மையாற் கடிதங்களும் தோட்டக் காரியாலயத்துக்கே வந்து சேர்தல் நெடுங்கால வழக்கம். தாளேட்டில் இக்குழப்பம் ஒரு புத்தகத்தோடு முடியும். கணினியிலோ, ஒருவரின் நோய் மற்றொருவரின் பெயரில் ஏறி எல்லா வைத்தியசாலைகளுக்கும் பரவும். ஆளுக்கொரு தனிநபர் சுகாதார இலக்கம் வழங்கும் முறை இதற்கென்றே வகுக்கப்பட்டது. அவ்விலக்கம் குழந்தைப் பருவத்திலேயே வழங்கப்பட்டு, பெயர் தமிழிலும் பதியப்படுதல் நன்று. அடையாள அட்டை இல்லாதவருக்கு அதனாற் சிகிச்சை தாமதமாகாதிருத்தல் அதனினும் இன்றியமையாதது.

இரண்டாவது மொழி. மருத்துவக் குறிப்புகள் ஆங்கிலத்தில் எழுதப்படுவன. அது தொழிலின் தேவை. ஆனால், நோயாளிக்குக் கொடுக்கும் அறிவுறுத்தல் அவர் வாசிக்கும் மொழியில் இருத்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆம் திருத்தத்தால் தமிழும் அரச கரும மொழியாயிற்று. கையால் எழுதும் காலத்தில் ஆளின்மையைக் காரணமாகக் கூறலாம். கணினியிலோ, 'காலையும் மாலையும் உணவின்பின் ஒவ்வொன்று' என்னும் வாக்கியத்தை ஒருமுறை தமிழில் அமைத்து வைத்தால் எத்தனை ஆயிரம் முறையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். தாய்க்கு வாசிக்க இயலாதெனினும் பாடசாலை செல்லும் பிள்ளை வாசித்துக் காட்டும். இலத்திரனியற் பதிவேடு மிகக் குறைந்த செலவிற் செய்யத்தக்க பெரு நன்மை இதுவாகும்.

மூன்றாவது மறைகாப்பு. தோட்டத்து மருந்தகம் கம்பனியின் பொறுப்பில் உள்ளவிடத்து, நோய்ப்பதிவை வைத்திருப்பவரும் வேலை கொடுப்பவரும் ஒருவரேயாகின்றனர். ஒரு பெண் கருவுற்றிருப்பதும், ஒருவர் காசநோய்க்கோ மனநோய்க்கோ மருந்துண்பதும் மருத்துவருக்குத் தெரிய வேண்டியவை; வேலைத்தளத்துக்குத் தெரிய வேண்டியவை அல்ல. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகையுட் சேர்த்துள்ளது. தோட்டப் பதிவும் அரசாங்க வைத்தியசாலைப் பதிவும் இணைக்கப்படும்போது, யார் எதைத் திறந்து பார்த்தார் என்பதும் பதியப்படுதல் வேண்டும். இல்லையேல், துண்டு முறையின் நினைவு மாறாத மக்கள் மருத்துவரிடமும் உண்மையை மறைப்பர். மறைத்த உண்மையைக் கொண்ட பதிவேடு வெற்றேட்டினும் தீயது.

நான்காவது, கருவி நின்றபோது செய்வது யாது என்னும் ஆயத்தம். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், மார்ச் மாத இறுதியில், நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரையில் மின்சாரம் தடைப்பட்டது. அதே மாதத்திற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. மின்னும் தாளும் ஒருங்கே கைவிடக்கூடும் என்பதை நாடு அன்று கண்டது. மண்சரிவும் பெருமழையும் மலையகத்துக்குப் புதியனவல்ல. ஆகவே, நோயாளியின் ஒவ்வாமை, நாட்பட்ட நோய், உண்ணும் மருந்து ஆகிய மூன்றையும் கொண்ட சிறு அட்டை ஒன்று எக்காலத்தும் அவர் கையில் இருத்தல் வேண்டும். கணினி அவ்வட்டையை ஒழிப்பதற்கு வந்ததன்று. தொலைந்தபோது மீண்டும் அச்சிட்டுக் கொடுப்பதற்கு வந்தது.

இவை யாவும் மருத்துவருக்கும் அரசுக்கும் உரியனவென்று கல்விச் சமூகம் வாளாவிருத்தற்கில்லை. தமிழிற் பெயரையும் அறிவுறுத்தலையும் பிழையற எழுதும் மென்பொருளை ஆக்குவோரும், தோட்டத்துத் தாயிடம் தமிழிற் கேட்டு எழுதும் தாதியரும், குடும்ப நல உத்தியோகத்தரும், பதிவுத்துறை அலுவலரும் இன்றைய வகுப்பறைகளிலிருந்தே தோன்றல் வேண்டும். கணிதத்திலும் கணினியிலும் தேர்ச்சிபெறும் மாணவருக்கு இத்துறையிற் காத்திருக்கும் பணி சிறிதன்று.

இலத்திரனியற் பதிவேட்டினால் வைத்தியசாலைப் பராமரிப்பின் தரம் உயருமா என்னும் வினாவுக்கு, அப்பதிவேடு யாரைத் தொடர்ந்து செல்கின்றது என்பதே விடையாகும். மேலிடத்துக்குக் கணக்கனுப்புவதோடு அமையுமாயின் எழுத்தின் வேகம் மட்டுமே கூடும். தோட்டத்து மருந்தகத்திலிருந்து டிக்கோயாவுக்கும், அங்கிருந்து கண்டிக்கும் நோயாளிக்கு முன்னே சென்று, அவர் மொழியில் அவருக்கே திரும்பி வருமாயின் உயிர்கள் காக்கப்படும். கொழுந்தின் நிறையை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு நாளும் தவறாமல் எழுதிவந்த நாடு, அதைப் பறித்த கையின் நாடியையும் அவ்வாறே எழுதிவைக்க இயலாதெனக் கூறுதல் பொருந்தாது. செக்ரோலில் மட்டும் விழுந்த பெயர், அவ்வுடம்புக்கு உரியவரின் நலத்துக்காகவும் ஓர் ஏட்டில் விழுதல் வேண்டும்.